ரமேஷ் கிருஷ்ணனுக்கு வேகமான சர்வீஸ் இருந்திருந்தால்?

கடைக்கோடு எழுதியது:

நண்பர்களே, இந்த டென்னிஸ் தளத்தில் ரமேஷின் அப்பா ராமநாதன் கிருஷ்ணனுக்கு இழை இருக்கிறது. விஜய் அமிர்தராஜுக்கு இருக்கிறது. லியாண்டர் பயஸுக்கு நாலைந்து இருக்கின்றன. ரமேஷ் கிருஷ்ணனுக்கு மட்டும் இல்லை. மற்றவர்களின் இழைகளில் ஒரு வரியாக வந்து போகிறார். அந்த வரியும் எப்போதும் ஒன்றேதான்: "கை இருந்தது, சர்வீஸ் இல்லை."

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: 1961 ஜூனில் சென்னையில் பிறந்தவர். 1979-ல் ஒரே ஆண்டில் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டிலும் ஜூனியர் பட்டம் வென்று உலக ஜூனியர்களில் முதலிடம் பிடித்தார். அப்புறம் பெரியவர்கள் பிரிவில் மூன்று கிராண்ட் ஸ்லாம் காலிறுதிகள்: 1981 யூ.எஸ். ஓபன், 1986 விம்பிள்டன், 1987 யூ.எஸ். ஓபன். மணிலா, மெட்ஸ், ஹாங்காங், வெலிங்டன், ஆக்லாந்து என்று ஒற்றையரில் எட்டுப் பட்டங்கள். தரவரிசையில் எட்டிய உச்சம் 23, அது 1985 ஜனவரியில். 1987-ல் டேவிஸ் கோப்பை (நாடுகள் அணியாக மோதும் போட்டி, ஒவ்வொரு மோதலிலும் ஐந்து ஆட்டங்கள்) இறுதி. 1993-ல் ஓய்வு.

என் கேள்வி இது. சர்வீஸ் இன்னும் கொஞ்சம் வேகமாக இருந்திருந்தால் அவர் முதல் பத்துக்குள் போயிருப்பாரா? என் பதிலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: போயிருக்க மாட்டார். அந்தச் சர்வீஸை மாற்றியிருந்தால் ரமேஷ் என்ற ஆட்டக்காரரே நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதுங்கள், பேசுவோம்.

---

ஐந்தாவது_செட் எழுதியது:

நான் ஒத்துக்கொள்ளவில்லை.

1986 விம்பிள்டன் காலிறுதியில் எதிராளி யுகோஸ்லாவியாவின் ஷிவோயினோவிச். ஏறக்குறைய ஆறரை அடி உயரம். அவர் சர்வீஸ் போட்டால் பல நேரம் பந்து திரும்பியே வராது. ரமேஷ் மூன்றாவது செட்டை எடுத்தார், நான்காவதில் முடிந்துவிட்டது. ரமேஷ் தன் சர்வீஸில் ஒவ்வொரு புள்ளிக்கும் உழைக்க வேண்டியிருந்தது, அந்தப் பக்கம் ஷிவோயினோவிச்சுக்கு இலவசமாகப் புள்ளிகள் கிடைத்துக்கொண்டிருந்தன. 1987 நியூயார்க்கில், யூ.எஸ். ஓபன் காலிறுதியில், ஸ்வீடனின் எட்பெர்க் ரமேஷை 6-2, 6-2, 6-2 என்று அனுப்பினார். இரண்டாவது சர்வீஸ் மெதுவாக வந்தால் எட்பெர்க் மாதிரி ஆள் அதை அடித்துவிட்டு நேராக வலைக்கு வந்து நிற்பார். அங்கே கைவித்தையெல்லாம் உதவாது.

உயரம் குறைவு என்று காரணம் சொல்வீர்கள். மைக்கேல் சாங் என்ன உயரம்? ஐந்தடி ஒன்பது. அவருக்கும் ஆரம்பத்தில் சர்வீஸ்தான் பலவீனம். பிறகு ஒரு அங்குலம் நீளமான ராக்கெட்டை எடுத்துக்கொண்டு அதைச் சரிசெய்து உலகின் இரண்டாம் இடம் வரை போனார். குறை எது என்று ஊருக்கே தெரியும்போது அதைச் சரிசெய்யாமல் விட்டது பெரிய இழப்பு. ரமேஷை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் இந்த ஆதங்கம்.

---

திருச்சி_கோச் எழுதியது:

பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுப்பது என் தொழில், அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ரமேஷ் எப்படிப் பந்தை அடித்தார் என்று பார்க்க வேண்டும். பந்து தரையில் பட்டு முழு உயரத்துக்கு எழுவதற்கு முன்பே, எழும் வழியிலேயே எடுத்துவிடுவார். பெரிய பின்வீச்சு கிடையாது. ராக்கெட்டைச் சும்மா முன்னால் கொண்டுபோய் வைத்தது போலத்தான் தெரியும். ஆனால் எதிராளி அடித்த வேகம் முழுவதும் அப்படியே அவன் பக்கம் திரும்பிப் போகும், அதுவும் தட்டையாக, வலைக்கு மேலே மிகக் குறைந்த உயரத்தில். மற்றவர்கள் பந்தை அடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். மிச்ச நேரம் எதிராளியின் கணக்கிலிருந்து போனது. அவர் ஓடுவது போலவே தெரியாததற்கும் இதுதான் காரணம். பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே நின்றுகொண்டிருப்பார்.

இனி ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜூனியராக இருந்தபோது பாரிஸின் மண் தரையில் பட்டம் வாங்கியவர். ஆனால் பெரியவராக எட்டிய மூன்று காலிறுதிகளும் நியூயார்க்கின் கடினத் தரையிலும் லண்டனின் புல்லிலும்தான். அதாவது வேகமான தரைகளில். சர்வீஸ் பலவீனமானவருக்கு வேகத் தரையில் ஏன் நன்றாக வந்தது? அங்கே எதிராளி வேகம் கொடுப்பான், இவர் அதை வாங்கிக்கொள்வார். பந்தும் தாழ்வாக வரும். ஐந்தடி ஏழு அங்குல உயரக்காரருக்கு அது இடுப்பளவில் வரும் பந்து. மண் தரையில் டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அடி) போட்டுத் தோள் உயரத்துக்கு எழுப்பிவிட்டால், எழும்போதே எடுப்பதும் கடினம், வாங்கிக்கொள்ள வேகமும் இருக்காது.

ஐந்தாவது_செட், சாங்கின் உதாரணம் இங்கே பொருந்தாது. சாங்கின் ஆட்டம் காலிலும் டாப்ஸ்பின்னிலும் கட்டியது. பின்னால் நின்று நாள் முழுக்க ஓடுவார். அவருக்குச் சர்வீஸில் கூடுதலாகக் கிடைத்ததெல்லாம் சுத்த லாபம். ரமேஷுக்கு அப்படி இல்லை. வேகமாகச் சர்வீஸ் போட்டால் பந்து திரும்பியும் வேகமாக வரும். மெதுவான சர்வீஸ் போட்டால் அதைத் திருப்பி அடிப்பவன் சொந்தமாக வேகத்தை உண்டாக்க வேண்டும். பலருக்கு அது வராது, அவசரப்பட்டு வெளியே அடிப்பார்கள். அந்த இடைவெளியில் ரமேஷ் தன் இடத்துக்கு வந்து அடுத்த பந்தைச் சீக்கிரம் எடுக்கத் தயாராகிவிடுவார். அவருடைய சர்வீஸ் புள்ளியை வெல்வதற்கான அடி அல்ல, தனக்குப் பிடித்த மாதிரி ஒரு ராலியை, அதாவது பந்து மாறி மாறிப் போய்வரும் ஆட்டத்தை, தொடங்கும் வழி.

எட்பெர்க் போன்றவர்களிடம் அது செல்லாது என்பது உண்மைதான். ஆனால் எட்பெர்க்கிடம் யாருடைய எது செல்லுபடியானது? அந்த ஆண்டுகளில் அவரிடம் அடி வாங்காதவர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

---

விஜய்_ரசிகை எழுதியது:

கோச் சார், அருமையான விளக்கம். நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

1981-ஐ யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அந்த ஜூலையில் விஜய் விம்பிள்டன் காலிறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களை வென்றிருந்தார். அங்கிருந்து ஐந்து செட்டில் தோற்றார். செப்டம்பரில் நியூயார்க்கில் 20 வயது ரமேஷ் காலிறுதியில் மெக்கன்ரோவிடம் முதல் செட்டை டை-பிரேக்கில் (6-6 ஆனதும் செட்டைத் தீர்மானிக்கும் கேம்) வென்றார். இரண்டாவது செட்டும் டை-பிரேக்குக்குப் போனது. அது மெக்கன்ரோ பக்கம் விழுந்தது. அப்புறம் 6-4, 6-2. அந்த மெக்கன்ரோதான் இறுதியில் போர்க்கைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கினார், போர்க் அதற்குப் பிறகு எந்தக் கிராண்ட் ஸ்லாமும் ஆடவில்லை.

ஒரே ஊரிலிருந்து போன இரண்டு பேர், ஒரே ஆண்டில், இரண்டு பெரிய மைதானங்களில், கானர்ஸையும் மெக்கன்ரோவையும் இப்படி உலுக்கியிருக்கிறார்கள். இதை நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் போட வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

ஆனால் யார் பெரியவர் என்றால் என் ஓட்டு விஜய்க்குத்தான். லேவரை வென்றிருக்கிறார், போர்க்கை வென்றிருக்கிறார். 1984-ல் மெக்கன்ரோ ஆண்டு முழுவதும் தோற்றதே மூன்று ஆட்டங்கள், அதில் ஒன்று சின்சினாட்டியில் விஜயிடம். அவருக்குச் சர்வீஸும் இருந்தது, உயரமும் இருந்தது. அவ்வளவு இருந்தும் கிராண்ட் ஸ்லாமில் அரையிறுதியைத் தொடவில்லையே என்பதுதான் என் வருத்தம். சர்வீஸ் இருந்திருந்தால் ரமேஷ் மேலே போயிருப்பார் என்று சொல்பவர்கள் விஜயையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

---

ஐந்தாவது_செட் எழுதியது:

அக்கா, கடைசி வரி சரியான அடி. அதற்கு என்னிடம் இப்போதைக்குப் பதில் இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

---

அல்காராஸ்_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் டென்னிஸ் பார்க்கத் தொடங்கியதே சமீபத்தில்தான். ரமேஷ் கிருஷ்ணன் பெயரை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1987 டேவிஸ் கோப்பையைப் பற்றித் தேடியபோது ஒரு ஸ்கோர் கண்ணில் பட்டது: 8-6, 6-4, 6-4. முதல் செட் எப்படி 8-6 ஆகும்? 6-6 வந்தால் டை-பிரேக் இல்லையா? அந்த ஆட்டத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

---

புல்தரை_62 எழுதியது:

தம்பி, டேவிஸ் கோப்பையில் அப்போது டை-பிரேக் கிடையாது. 1989-ல்தான் கொண்டுவந்தார்கள். அதுவரை எந்தச் செட்டாக இருந்தாலும் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நீ பார்த்தது சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டம். ரமேஷும் வாலி மசூரும் ஆடியது. அதைப் பற்றிச் சொல்லச் சொன்னால் நான் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்.

அந்த ஆண்டுக் கதை மார்ச்சில் டெல்லியில் தொடங்கியது, அர்ஜென்டினாவோடு. விஜய்க்கு வயது 33. மார்ட்டின் ஹைட்டேக்கு எதிராக, இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற மேட்ச் பாயிண்ட் வரை போய், அங்கிருந்து மீண்டு ஜெயித்தார். இந்தியா 3-2 என்று தப்பித்தது. அடுத்து இஸ்ரேல், அதுவும் டெல்லியில்தான். அதில் பெரிய சிரமம் இல்லை.

அரையிறுதிக்குச் சிட்னி போகவேண்டும் என்றதும் எங்கள் வட்டத்தில் யாரும் நம்பிக்கையாகப் பேசவில்லை. ஆஸ்திரேலியா, அவர்கள் ஊர், அவர்கள் புல்தரை. டேவிஸ் கோப்பையில் அங்கே போய் ஜெயித்து வருவது என்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவதே கடினம். 1966 இறுதியில் மெல்போர்னில் ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப்–ரோச் ஜோடியை வென்றும் கோப்பை ஆஸ்திரேலியாவுக்கே போனது. அது எங்கள் தலைமுறைக்குப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த கதை.

ரமேஷ் முதல் நாளில் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை நான்கு செட்டில் வென்றார். கடைசி நாளில் 2-2 என்று வந்து நின்றது. ஐந்தாவது ஆட்டம் அவர் தலையில். எதிரே வாலி மசூர், புல்லில் பழகியவர், சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடி வருகிற ஆட்டக்காரர். கோச் சார் மேலே எழுதியதை அங்கே பொருத்திப் பாருங்கள். வலைக்கு ஓடி வருபவனின் காலடியில் பந்தைப் போடுவதும், அவன் குனிந்து பலவீனமாகத் திருப்பிய பந்தைப் பக்கவாட்டில் கடத்துவதும் ரமேஷுக்கு அப்பாவிடமிருந்தே வந்த கலை. முதல் செட்டை 8-6 என்று எடுத்தபிறகு மசூருக்கு வழியே தெரியவில்லை. நேர் செட்களில் முடித்தார். ஒரு நாடே தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஆட்டம் அது. அதில் ஒரு செட் கூடக் கொடுக்கவில்லை.

நேரடி ஒளிபரப்பெல்லாம் எங்களுக்கு எட்டவில்லை. முடிவு காதுக்கு வந்தது, அடுத்த நாள் பேப்பரில் ஸ்கோரைப் பார்த்தோம். 8-6, 6-4, 6-4. அந்த எண்களைப் பார்த்துவிட்டு என் அண்ணன் வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, "கிருஷ்ணன் பிள்ளை ஜெயிச்சுட்டான்டா" என்றார். அவருக்கு ரமேஷ் கடைசிவரை கிருஷ்ணன் பிள்ளைதான்.

சர்வீஸ் பலவீனம், மனசும் மென்மை என்று ரமேஷைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதில் மனசு பற்றிய பாதியை எனக்கு ஏற்கவே முடியாது. மென்மையான மனசுக்காரன் சிட்னியில் ஐந்தாவது ஆட்டத்தை இப்படி முடிக்க மாட்டான்.

---

ஐந்தாவது_செட் எழுதியது:

ஐயா, படித்தபோது சிலிர்த்தது. ஆனால் நேர்மையாகப் பேசினால் இறுதியையும் பேச வேண்டும். கோத்தன்பர்க்கில் ஸ்வீடனிடம் 0-5. ரமேஷ் வைலாண்டரிடமும் தோற்றார், ஆண்டர்ஸ் யாரிட் என்பவரிடமும் தோற்றார். இந்தியா ஒரு ஆட்டம் கூட எடுக்கவில்லை.

---

புல்தரை_62 எழுதியது:

உள்ளரங்கில் மண்ணைக் கொட்டித் தரை போட்டார்கள். சொந்த ஊரில் ஆடும் அணிக்குத் தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, அதில் தப்பு ஒன்றும் இல்லை, நாமும் டெல்லியில் புல்லைத்தானே போட்டோம். ஆனால் டிசம்பர் மாத ஸ்வீடனில், மூடிய அரங்கில், மண் தரையில், வைலாண்டரோடு ஆடுவது ரமேஷுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கோச் சாரைக் கேளுங்கள்.

---

கடைக்கோடு எழுதியது:

அதற்கு 1989 ஆஸ்திரேலிய ஓபனே பதில் சொல்லிவிட்டது. அதே இரண்டு பேர், பதின்மூன்று மாதம் கழித்து, வேறு தரை.

1988 வைலாண்டரின் ஆண்டு. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்று கிராண்ட் ஸ்லாம்களும் அவருக்கே. நியூயார்க்கில் லெண்டிலை வென்று உலகின் முதல்நிலை வீரர் ஆனார். மெல்போர்னில் ஃப்ளிண்டர்ஸ் பார்க் அப்போது புது மைதானம். 1988-ல்தான் புல்லை விட்டு அங்கே கடினத் தரைக்கு மாறியிருந்தார்கள். 1989 ஜனவரியில் நடப்புச் சாம்பியனாக வந்து இறங்குகிறார். இரண்டாவது சுற்றில் ரமேஷ்.

ரமேஷ் அதற்குச் சற்று முன்புதான் ஆக்லாந்தில் பட்டம் வென்றிருந்தார். கை சூடாக இருந்தது. 6-3, 6-2, 7-6. மூன்று செட்டில் முடிந்தது. முதல் இரண்டு செட்களில் உலகின் முதல்நிலை வீரருக்கு மொத்தம் ஐந்து கேம்கள். சில நாட்களில் வைலாண்டர் முதலிடத்தை லெண்டிலிடம் இழந்தார், அதன்பின் ஒருபோதும் அதைத் திரும்பப் பிடிக்கவில்லை. அவரே அந்தச் சமயத்தில் உற்சாகம் இழந்திருந்தார் என்று சொல்லி இந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் எதிரே நின்ற மற்றவர்கள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டுமே. ரமேஷ் அதைப் பயன்படுத்தினார்.

கோத்தன்பர்க்கில் வைலாண்டருக்கு ஒவ்வொரு பந்துக்கும் நேரம் இருந்தது. மெல்போர்னில் அந்த நேரத்தை ரமேஷ் எடுத்துக்கொண்டார். சர்வீஸ் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். அதனால்தான் சொல்கிறேன், அவருடைய வெற்றி தோல்விகளைத் தீர்மானித்தது சர்வீஸ் அல்ல. எதிராளியிடமிருந்து நேரத்தைப் பறிக்க அன்றைக்குத் தரை விட்டதா, இல்லையா என்பதுதான்.

---

ஐந்தாவது_செட் எழுதியது:

யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன் அல்லவா. வந்துவிட்டேன்.

விஜயின் உதாரணத்தால் ஒன்று நிரூபணம்: நல்ல சர்வீஸ் மட்டும் ஒருவரைக் கிராண்ட் ஸ்லாம் அரையிறுதிக்குக் கொண்டுபோகாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வாதம் அரையிறுதி பற்றியது அல்ல, அன்றாடம் பற்றியது. சுற்றுப்பயண ஆட்டக்காரர் வாரம்தோறும் ஏதோ ஒரு ஊரில் ஆடுகிறார். உடம்பு சரியில்லாத நாள், தூக்கம் கெட்ட நாள், விமானத்தில் வந்து இறங்கிய மறுநாள். அந்த மாதிரி நாட்களில் ஒரு கேமுக்கு இரண்டு இலவசப் புள்ளி தரும் சர்வீஸ்தான் ஒருவரைக் காப்பாற்றும். ரமேஷுக்கு அந்தக் காப்பு இல்லை. கை நன்றாக இருக்கும் நாளில் வைலாண்டரையே முடிப்பார். இல்லாத நாளில் யாரோ ஒருவரிடம் முதல் சுற்றில் போய்விடுவார். 23-க்கும் 10-க்கும் இடையிலான தூரம் அந்தச் சுமாரான நாட்களில்தான் இருக்கிறது. நியூயார்க்கின் பெரிய காலிறுதிகளில் அதைத் தேடக் கூடாது.

---

திருச்சி_கோச் எழுதியது:

இது வலுவான வாதம். சுற்றுப்பயணத்தின் அன்றாடத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க என்னால் முடியாது.

ஆனால் ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு ஒரு பின்னணி இருக்கிறது. ராமநாதன் கிருஷ்ணனின் சர்வீஸும் மென்மையானதுதான். அந்தச் சர்வீஸை வைத்துக்கொண்டே 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி. முதலாவதில் நீல் ஃப்ரேசரிடம் தோல்வி, அடுத்ததில் லேவரிடம். 1962-ல் அங்கே நான்காவது தரவரிசை தந்தார்கள். அவருக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது அவருடைய தந்தை டி.கே. ராமநாதன். தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை ஒரே ஆட்டத்தைக் கைமாற்றிக் கொடுத்த வீடு அது. கர்நாடக சங்கீதத்தில் ஒரு பாணியைப் பாட்டனிடமிருந்து பேரன் வாங்குவது போலத்தான். அப்பாவும் பிள்ளையும் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கிய வீடு.

அப்பா ஆடிய காலத்தில் எல்லாரிடமும் மர ராக்கெட். மென்மையான சர்வீஸை அடித்து நொறுக்குவது அவ்வளவு சுலபமில்லை. ரமேஷ் சுற்றுப்பயணத்துக்கு வந்து நாலைந்து ஆண்டுகளில் மரம் போய்விட்டது, கிராஃபைட் வந்துவிட்டது. 1985-ல் பெக்கர் 17 வயதில் விம்பிள்டனை வென்றபோது ஆட்டத்தின் வேகமே மாறிப்போனது. ரமேஷின் 23-ஆம் இடம் அதே 1985-ன் ஜனவரி. அப்பாவின் காலத்து ஆட்டத்தை எடுத்துக்கொண்டு பெக்கர் காலத்தில் இரண்டு கிராண்ட் ஸ்லாம் காலிறுதி ஆடியவர் ரமேஷ். இந்தக் கோணத்தில் பார்த்தால் 1981-ஐவிட 1986-ம் 1987-ம் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

---

விஜய்_ரசிகை எழுதியது:

கடைசிக் கட்டத்தையும் யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன், நானே எழுதுகிறேன்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ். ரமேஷுக்கு 31 வயது, லியாண்டருக்கு 19. இரட்டையரில் சேர்ந்து ஆடினார்கள், அதுவும் மண் தரையில். காலிறுதி வரை போய்க் குரோஷியாவின் இவானிசெவிச்–பிர்பிச் ஜோடியிடம் தோற்றார்கள். இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று: அந்த ஒலிம்பிக்ஸ் டென்னிஸில் அரையிறுதியில் தோற்ற இரண்டு தரப்புக்குமே வெண்கலம் கொடுத்தார்கள். இவானிசெவிச்சும் பிர்பிச்சும் வாங்கியது அதைத்தான். ஆக, ரமேஷும் லியாண்டரும் அந்த ஒரு காலிறுதியை வென்றிருந்தால் பதக்கம் உறுதி. 1996-ல் அட்லாண்டாவில் லியாண்டர் ஒற்றையரில் வாங்கிய வெண்கலத்தை நாடே கொண்டாடியது. அதற்கு நான்கு ஆண்டு முன்பே ஒரு ஆட்டத் தூரத்தில் ரமேஷ் நின்றிருக்கிறார்.

1993-ல் அதே இரண்டு பேர் டேவிஸ் கோப்பையில் பிரான்ஸுக்குப் போய், ஃப்ரெஷூஸில், அவர்களுடைய மண் தரையிலேயே பிரான்ஸை 3-2 என்று வீழ்த்தினார்கள். சண்டிகரில் நடந்த அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. அந்த ஆண்டோடு ரமேஷ் நிறுத்திக்கொண்டார்.

கோச் சார், மண் தரை ரமேஷுக்கு ஒத்துவராது என்று எழுதினீர்கள். பார்சிலோனாவும் ஃப்ரெஷூஸும் மண்தான்!

---

திருச்சி_கோச் எழுதியது:

பார்சிலோனா இரட்டையர் ஆட்டம், அம்மா. இரட்டையரில் பாதி மைதானத்தைப் பார்த்துக்கொண்டால் போதும், வலைக்கருகே கைவேலைக்கு மதிப்பு அதிகம். ஃப்ரெஷூஸைப் பற்றி நீங்கள் சொல்வது சரியான எதிர்வாதம். 32 வயதில் அந்த மண்ணில் நின்றது அனுபவத்தின் பலன் என்றுதான் நான் சொல்வேன். அது என் கருத்து மட்டுமே.

---

அல்காராஸ்_தம்பி எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு இணையத்தில் கிடைத்த சில பழைய துண்டுகளைத் தேடிப் பார்த்தேன். முதல் சில நிமிடங்கள் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சர்வீஸ் அவ்வளவு மெதுவாகப் போகிறது. அப்புறம் கோச் சார் சொன்னபடி பந்தை விட்டுவிட்டு எதிராளியின் கால்களை மட்டும் பார்த்தேன். எல்லாப் புள்ளியிலும் அந்த ஆள் அரை அடி தாமதமாகவே இருக்கிறார். ரமேஷ் எந்தச் சத்தமும் போடுவதில்லை, முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு இடத்தில் பேஸ்லைனுக்கு (மைதானத்தின் பின்கோடு) உள்ளேயே நின்று, பந்து தரையில் பட்ட உடனேயே ஹாஃப் வாலியாக எடுத்துக் கோட்டோரமாகக் கடத்தினார். அதை நாலு முறை திரும்பப் பார்த்தேன்.

ஒரு சந்தேகம் கேட்கலாமா? என் தங்கைக்கு 11 வயது, இப்போதுதான் டென்னிஸ் கற்றுக்கொள்கிறாள். அவளுக்கும் சர்வீஸ் மெதுவாகத்தான் போகிறது, ஆனால் ராலியில் நன்றாக ஆடுகிறாள். அங்கே சொல்லிக்கொடுப்பவர் ராலியை நிறுத்திவிட்டு ஒரு மாதம் சர்வீஸ் மட்டும் போடச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இது சரியா?

---

திருச்சி_கோச் எழுதியது:

ஒரு மாதம் முழுக்க வேண்டாம் தம்பி. 11 வயதுத் தோளுக்கு அது நல்லதல்ல, பிள்ளைக்கு ஆட்டமே கசந்துவிடும். ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் ஒரு கூடைப் பந்து மட்டும் சர்வீஸுக்கு, மீதி நேரம் ராலி. வேகத்தை இப்போது பார்க்காதே. பந்தை மேலே தூக்கிப் போடுவது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குப் போகிறதா, முழங்கை தோளுக்குக் கீழே இறங்காமல் இருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் பார். வேகம் உடம்பு வளரும்போது வரும்.

ஆனால் சர்வீஸை விட்டுவிடவும் சொல்லாதே. ரமேஷை நான் எவ்வளவு ரசித்தாலும், இன்றைக்குச் சுற்றுப்பயணத்துக்குப் போகிற பிள்ளைக்கு அந்தச் சர்வீஸ் போதாது. அந்த விஷயத்தில் நான் ஐந்தாவது_செட் பக்கம்தான். சொல்லிக்கொடுப்பவரிடம் மரியாதையாகப் பேசிப் பார், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

---

ஐந்தாவது_செட் எழுதியது:

நன்றி கோச் சார். கடைக்கோடு, முதல் பத்து பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் ரமேஷைச் "சர்வீஸ் இல்லாதவர்" என்று ஒரே வரியில் முடிப்பது அநியாயம் என்பதில் உங்களோடு நிற்கிறேன். விஜய் 2024-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார், லியாண்டரும் அதே ஆண்டில். ரமேஷுக்கு 1998-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2007-ல் டேவிஸ் கோப்பை கேப்டன் ஆக்கினார்கள். சிட்னி ஆட்டத்துக்கு மட்டுமாவது இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும்.

---

கடைக்கோடு எழுதியது:

அந்தச் சிட்னி ஆட்டத்தின் முழு ஒளிப்பதிவு யாரிடமாவது இருக்கிறதா? நான் பார்த்ததெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள்தான். முதல் செட் 6-6-லிருந்து 8-6 வரை எப்படிப் போனது என்று புள்ளி புள்ளியாகப் பார்க்க ஆசை. பழைய வீடியோ கேசட் வைத்திருப்பவர்கள் இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள், டிஜிட்டலாக மாற்றும் செலவை நான் ஏற்கிறேன்.

---

புல்தரை_62 எழுதியது:

கேசட் இல்லை. ஆனால் அண்ணன் அந்த வாரத்துப் பேப்பர்களை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். நோட்டு இப்போது அண்ணி வீட்டில் இருக்கிறது. டெல்லி, சிட்னி இரண்டும் அதில் உண்டு என்று நினைவு. பொங்கலுக்கு அங்கே போகும்போது வாங்கி வந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இந்த இழையிலேயே போடுகிறேன்.